பயன் மறந்த பழக்கம்

முன்னுரை

பழக்கம் என்னும் சொல் தமிழில் நன்மைக்கும் தீமைக்கும் பொதுவானது. வைகறையில் எழுவதும் பழக்கமே. பொய் கூறுவதும் பழக்கமே. ஆயினும் மது அருந்துதலைக் குறிக்க வரும்பொழுது நம் மொழி மூன்று சொற்களை வழங்குகிறது. அவை குடிப்பழக்கம், குடிவெறி, குடிநோய் என்பன. இவற்றை ஒருபொருட் சொற்களாகவே நாம் ஆண்டு வருகிறோம். ஆனால் ஒரே வகைக் கோப்பையை ஏந்திய மூவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒருவர் விரும்பிக் குடிக்கிறார். மற்றொருவர் பழகிவிட்டமையால் குடிக்கிறார். மூன்றாமவரோ விட்டுவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே குடிக்கிறார்.

இந்த மூன்றாம் மனிதரை நாம் அனைவரும் எங்கேனும் கண்டிருப்போம். மனைவி அழுகிறாள், பெற்றோர் மன்றாடுகின்றனர், பெரியோர் கண்டிக்கின்றனர். அவரும் மனம் வருந்தி உறுதி மொழிகிறார். மறுநாள் மாலையில் அவர் கால்கள் அதே கடையை நோக்கி நடக்கின்றன. அறிவுரை ஏன் பயனற்றுப் போகிறது? செய்த உறுதி பொய்யா? அன்றி, உறுதி செய்த மனத்திற்கும் நடந்து செல்லும் கால்களுக்கும் இடையே ஏதேனும் அறுந்துபோயிற்றா? இவ்வினாவுக்கு விடை தேடி அறிவியலறிஞர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எலிகளை ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட உண்மைகளை எளிய தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் எலியின் மூளைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். மனித மனத்தின் போக்கை ஆராய்வது இலக்கியத்தின் பணி என்றால், அம்மனம் குடியிருக்கும் மூளையைப் பற்றிச் சிறிதேனும் அறிவது இலக்கிய மாணவர்க்கும் கடனாகும் என்பது எம் கருத்து.

தாகமின்றிக் குடித்த எலிகள்

மதுவுக்குச் செல்லுமுன் நீரிலிருந்து தொடங்குவோம். 1961ஆம் ஆண்டில் ஜான் பாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு விந்தையை வெளியிட்டார். அவர் பசித்த எலிகளைக் கூண்டில் இட்டு, அவை நெம்புகோலை அழுத்தினால் மிகச் சிறிய உணவு உருண்டை ஒன்று விழுமாறு அமைத்தார். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் உணவு விழவில்லை. சராசரியாக நிமிடத்திற்கு ஓர் உருண்டை என்னும் அளவிலேயே விழுந்தது. அருகில் ஒரு குழாயில் குடிநீர் இருந்தது. எலிகளுக்கு நீர் ஒருபொழுதும் மறுக்கப்படவில்லை. எனவே அவற்றுக்குத் தாகம் இல்லை.

நிகழ்ந்தது என்ன? ஓர் உருண்டையைத் தின்றதும் எலி நீர்க்குழாயை நாடிச் சென்று குடித்தது. அடுத்த உருண்டை, மீண்டும் நீர். இவ்வாறு மூன்று மணி நேரத்திற்குச் சற்றே மேற்பட்ட பொழுதில் அவை தம் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியளவு நீரைக் குடித்துத் தீர்த்தன. அறுபது கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் ஒரே பிற்பகலில் முப்பது லிட்டர் தண்ணீர் குடிப்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். அதே உணவு முழுவதையும் ஒரே வேளையில் கொடுத்தபொழுது இந்த மிகைக்குடி தோன்றவில்லை. ஆகவே உணவின் அளவன்று, அது சிறிது சிறிதாக, காக்கவைத்துத் தரப்பட்ட முறையே இதற்குக் காரணம் எனத் தெளிவாயிற்று. கைக்கு எட்டியும் எட்டாமலும் நிற்கும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் இடைவெளியை அவ்வெலிகள் நீரால் நிரப்பின.

1972ஆம் ஆண்டில் பாக்கும் அவருடைய உடன் ஆய்வாளரும் இதே முறையில் நீருக்கு மாற்றாக மது கலந்த நீரை வைத்தனர். பொதுவாக எலிகள் மதுவைப் பெரிதும் விரும்புவதில்லை. எனினும் உணவு இடைவெளி விட்டுத் தரப்பட்டபொழுது அவை மதுநீரையும் மிகையாகக் குடித்தன. நாளடைவில் உடலளவிலும் அதற்கு அடிமையாயின. மது நிறுத்தப்பட்டபொழுது அவற்றுக்கு வலிப்பு உண்டாயிற்று. சுவைக்காகவோ தாகத்திற்காகவோ தொடங்காத ஒரு செயல், நிறுத்த இயலாத நிலைவரை வளரக்கூடும் என்பதற்கு இவ்வாய்வு சான்றாயிற்று.

டோபமைன் என்னும் தூதுப்பொருள்

இம்மிகைக்குடியை மூளையின் எப்பகுதி தூண்டுகிறது? இதனை விளக்க டோபமைன் என்னும் வேதிப்பொருளை அறிமுகம் செய்தல் வேண்டும். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணு மற்றோர் அணுவுக்குச் செய்தி அனுப்பும்பொழுது, இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியைக் கடக்க வேதிப்பொருள்களைத் தூது விடுகிறது. அத்தூதுப்பொருள்களுள் ஒன்றே டோபமைன். இதனைச் சுரக்கும் நரம்பணுக்கள் சில இலட்சங்களே. நடுமூளையில் சிறு தொகுதிகளாக அமைந்துள்ள அவற்றின் கிளைகளோ மூளையின் பரந்த பகுதிகளுக்குச் செல்கின்றன.

டோபமைனின் சிறப்பை உலகுக்கு உணர்த்தியவர் சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சன் ஆவார். அவருடைய ஆய்வுக்கு நம் நாட்டு மூலிகை ஒன்று துணைபுரிந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இந்திய மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சர்ப்பகந்தியின் வேரிலிருந்து 1952ஆம் ஆண்டில் ரெசர்பைன் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனை முயல்களுக்குச் செலுத்தியபொழுது அவை அசைவற்றுக் கிடந்தன. 1957ஆம் ஆண்டில் கார்ல்சன் அம்முயல்களுக்கு டோபமைனாக மாறக்கூடிய எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. செயலுக்கு உந்துதல் தருவதில் டோபமைனுக்குள்ள பங்கு இவ்வாறு வெளிப்பட்டது. கைகால் நடுக்கத்தையும் அசைவிழப்பையும் உண்டாக்கும் பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோபா மருந்தானதும் இதன் வழியேதான். இப்பணிக்காக 2000ஆம் ஆண்டில் கார்ல்சன் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இனி நீர் குடித்த எலிகளிடம் மீள்வோம். 1980ஆம் ஆண்டில் டிரெவர் ராபின்ஸ், ஜார்ஜ் கூப் என்னும் இரு ஆய்வாளர்கள், டோபமைன் நரம்பிழைகளை மட்டும் அழிக்கவல்ல வேதிப்பொருள் ஒன்றை எலிமூளையின் அக்கும்பென்ஸ் என்னும் பகுதியில் செலுத்தினர். அவ்வெலிகளிடம் மேற்கண்ட மிகைக்குடி வளரவில்லை. ஆனால் தாகம் எடுத்தபொழுது அவை வழக்கம்போல் நீர் அருந்தின. தேவைக்குக் குடிப்பதும் தேவையின்றிக் குடிப்பதும் வெளிப்பார்வைக்கு ஒரே செயல்தான். மூளைக்குள்ளோ அவை வேறு வேறு வழிகளில் இயங்குகின்றன. இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் இவ்வொரு வேறுபாட்டின் விரிவே எனலாம்.

இன்பமா, வேட்கையா?

டோபமைனை இன்பம் தரும் பொருள் என்று கூறுவது பரவலான வழக்கு. இக்கருத்துக்கு வித்திட்டது கனடா நாட்டின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1954ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வாகும். எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் சிறிதளவு மின்சாரம் பாயுமாறு செய்தனர். எலிகள் அதனை மீண்டும் மீண்டும் அழுத்தின. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளில் சில எலிகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தக் காணப்பட்டன. மூளையின் இன்ப மையம் கண்டுபிடிக்கப்பட்டது என்று உலகம் வியந்தது.

ஆனால் அவ்வெலிகள் இன்பத்தில் திளைத்தனவா, அன்றி அடங்காத வேட்கையால் அலைக்கழிந்தனவா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் இவ்வையத்தை எழுப்பினார். இனிப்பு நாவில் பட்டால் எலியும் மனிதக் குழந்தையைப் போலவே நாவைச் சுழற்றிச் சுவைக்கும். டோபமைனை ஏறக்குறைய முற்றிலும் இழந்த எலிகள் தாமாக உணவைத் தேடிச் செல்லவில்லை; பட்டினியால் மடியும் நிலையிலும் அசையாது கிடந்தன. எனினும் அவற்றின் வாயில் இனிப்பைச் சொட்டியபொழுது முன்போலவே சுவைத்தன. இன்பம் இருந்தது, நாட்டம் அழிந்திருந்தது. ஆகவே டோபமைன் பெரிதும் வேட்கைக்கு உரியதே அன்றி இன்பத்திற்கு உரியதன்று என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1993ஆம் ஆண்டில் அவரும் டெரி ராபின்சனும் வெளியிட்ட கொள்கையின்படி, போதைக்கு அடிமையானவருக்கு நாள் செல்லச் செல்ல அப்பொருளால் வரும் இன்பம் பெருகுவதில்லை. அதன்மேல் எழும் வேட்கை மட்டுமே பெருகுகிறது. பிடிக்காத ஒன்றை வேண்டி நிற்கும் அவல நிலை இது.

வேட்கை எப்பொழுது எழுகிறது என்பதனை வுல்ப்ராம் சுல்ட்ஸ் என்னும் அறிஞர் சுவிட்சர்லாந்தில் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபொழுது குரங்கின் டோபமைன் அணுக்கள் கிளர்ந்தன. சாறு வருமுன் விளக்கு எரியும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பின்னர், கிளர்ச்சி சாற்றுக்கு எழவில்லை, விளக்குக்கே எழுந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்நொடியில் அணுக்களின் இயக்கம் வழக்கத்தினும் தாழ்ந்தது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை டோபமைன் அளக்கிறது என்பது இதன் பொருள். கடைத்தெருவின் விளக்கும், பழைய தோழரின் குரலும், மாலைப் பொழுதும் குடிப்பவர் ஒருவருக்குள் வேட்கையை மூட்டுவது எவ்வாறு என்பதற்கு இவ்வாய்வு ஒரு விளக்கம் தருகிறது.

செயல் பழக்கமாதல்

சுரப்பது டோபமைனே ஆயினும், அது மூளையின் எப்பகுதியில் செயற்படுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். பெருமூளையின் அடியில் ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதி உள்ளது. முன்னர்க் குறிப்பிட்ட அக்கும்பென்ஸ் அதன் கீழ்ப்புறத்தில் அமைந்தது. ஆசைக்கும் ஊக்கத்திற்கும் உரியது. மேற்பகுதியின் உட்புறம் பயன் கருதிச் செய்யும் செயல்களுக்கு உரியது. மேற்பகுதியின் வெளிப்புறமோ பழக்கத்திற்கு உரியது.

பயன் கருதிய செயலையும் பழக்கத்தையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? இரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றே அல்லவா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோணி டிக்கின்சனும் அவர் குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் இதற்கு ஓர் எளிய சோதனையை வகுத்தனர். நெம்புகோலை அழுத்தி இனிப்பைப் பெற எலி கற்றுக்கொள்கிறது. பின்னர்த் தனியே அவ்வினிப்பைத் தின்னக் கொடுத்து, உடனே குமட்டலை உண்டாக்கும் மருந்தைச் செலுத்துகின்றனர். எலி அவ்வினிப்பை வெறுத்து ஒதுக்குகிறது. இனி அதனை நெம்புகோலின் அருகே விட்டால் என்ன செய்யும்? சில நாளே பயின்ற எலி அழுத்துவதைக் குறைத்துக்கொள்கிறது. வேண்டாத பொருளுக்காக ஏன் உழைக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. நெடுநாள் பயின்ற எலியோ தொடர்ந்து அழுத்துகிறது. விளைவு வெறுக்கத்தக்கதாகிவிட்ட பின்னும் செயல் நிற்கவில்லை. பயனை மறந்து நிகழும் இச்செயலே பழக்கம் எனப்படும்.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்ட்ரையேட்டத்தின் மேற்பகுதி வெளிப்புறத்தைச் சிதைத்தபொழுது, நெடுநாள் பயின்ற எலிகளும் பயன் கருதியே நடந்தன. பழக்கம் குடிகொள்ளும் இடம் இவ்வாறு அடையாளம் காணப்பட்டது.

பழக்கம் என்பது தன்னளவில் தீமையன்று என்பதை ஈண்டு வலியுறுத்துதல் வேண்டும். மிதிவண்டி ஓட்டுபவர் ஒவ்வொரு மிதிக்கும் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதுபவர் ஒவ்வோர் எழுத்தின் வடிவையும் நினைவு கூர்வதில்லை. அடிக்கடி செய்யும் பணிகளைப் பழக்கத்திடம் ஒப்படைத்துவிட்டு அறிவைப் புதியவற்றுக்கு ஒதுக்குவது மூளையின் சிக்கனம். அச்சிக்கன ஏற்பாட்டுக்குள் மது புகும்பொழுதுதான் கேடு தொடங்குகிறது.

மதுவும் பழக்கமும்

மது எலியின் அக்கும்பென்ஸ் பகுதியில் டோபமைன் அளவை உயர்த்துகிறது என்பதனை 1988ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர். புகையிலையிலுள்ள நிகோடினும் அவ்வாறே செய்கிறது. அடுத்து 2002ஆம் ஆண்டில் டிக்கின்சன் குழுவினர் தம் பழைய சோதனையை மதுவைக் கொண்டு நிகழ்த்தினர். எலிகள் உணவையும் மதுவையும் பெற உழைத்துக் கற்றன. பின்னர் உணவு வெறுப்பூட்டப்பட்டபொழுது அதற்கான உழைப்பு குறைந்தது. மது வெறுப்பூட்டப்பட்டபொழுதோ அதற்கான உழைப்பு குறையவில்லை. பயிற்சி ஒத்ததாக இருந்தும் மதுவை நாடும் செயல் விரைவில் பழக்கமாக இறுகிவிட்டது.

இம்மாற்றம் நிகழும் காலத்தை 2012ஆம் ஆண்டில் லாரா கார்பிட்டும் உடன் ஆய்வாளரும் அளந்தனர். மதுவுக்காக இரண்டு வாரங்கள் நெம்புகோல் அழுத்திய எலிகள், முன்னதாகவே மதுவை நிறைவாகக் குடிக்கப் பெற்றால், பின்னர் அழுத்துவதைக் குறைத்தன. எட்டு வாரங்கள் அழுத்திய எலிகள் நிறைவாகக் குடித்த பின்னும் அழுத்தின. ஆனால் ஸ்ட்ரையேட்டத்தின் வெளிப்புறத்தைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபொழுது, அந்த எட்டு வார எலிகளும் பயன் கருதும் திறனை மீளப் பெற்றன. இது நம்பிக்கை தரும் செய்தி. பயனை எண்ணும் ஆற்றல் அழிந்துவிடவில்லை. பழக்கத்தின் ஆட்சிக்குள் அது மறைந்து கிடந்தது.

கசப்பும் வலியும்

பழக்கம் முற்றினால் கட்டாயமாகிறது. தீங்கு வரும் என்று அறிந்தும் நிறுத்த இயலாமையே கட்டாயத்தின் இலக்கணம். இதனை எலியிடம் சோதிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, மதுவில் குயினைன் கலந்து கசப்பாக்குதல். குறைந்த காலம் குடித்த எலிகள் கசந்த மதுவை விலக்கின. விட்டு விட்டு மூன்று நான்கு மாதங்கள் குடித்து வந்த எலிகளோ கசப்பைப் பொருட்படுத்தாது குடித்தன என்று 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

மற்றொரு வழி, மதுவை நாடும்பொழுது இடையிடையே காலில் சிறு மின்னதிர்ச்சி தருதல். கேம்பிரிட்ஜில் பாரி எவரிட் முதலானோர் இம்முறையைக் கையாண்டனர். வலி வந்ததும் பெரும்பாலான எலிகள் மதுவை நாடுவதைக் கைவிட்டன. ஒரு பகுதி எலிகள் மட்டும் வலியைத் தாங்கிக்கொண்டு தொடர்ந்தன. 2019ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு கூர்ந்து நோக்கத்தக்கது. நெடுநாள் பயிற்சிக்குப் பின்னர் அனைத்து எலிகளின் நாட்டமும் ஸ்ட்ரையேட்டத்தின் வெளிப்புற டோபமைனுக்கு அடங்கியிருந்தது. அதாவது எல்லா எலிகளுக்கும் அது பழக்கமாகிவிட்டிருந்தது. வலி தோன்றியதும் பெரும்பாலானவை அப்பழக்கத்தின் பிடியை உதறிவிட்டன. கட்டாயத்திற்கு ஆளான எலிகளால் உதற இயலவில்லை. ஆகவே பழக்கம் உண்டாவது மட்டும் நோயன்று. வேண்டியபொழுது அதிலிருந்து விடுபட இயலாமையே நோய்.

எல்லா எலிகளும் அடிமையாவதில்லை

ஒரே கூண்டு, ஒரே உணவு, ஒரே மது. எனினும் சில எலிகள் மட்டும் வீழ்வது ஏன்? சுவீடனின் லிஞ்சோப்பிங் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹெய்லிக் குழுவினர் 2018ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தனர். மதுவுக்குப் பழகிய எலிகளுக்கு மதுவையும் இனிப்பு நீரையும் ஒருசேர வைத்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். பெரும்பாலானவை இனிப்பைத் தேர்ந்தன. ஏறத்தாழ 15 விழுக்காட்டு எலிகள் மட்டும் மதுவையே தேர்ந்தன, மின்னதிர்ச்சிக்கும் அஞ்சவில்லை. அவற்றின் மூளையில், அச்சத்திற்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியில், காபா என்னும் தூதுப்பொருளை அகற்றும் புரதம் குறைந்திருந்தது. நலமான எலிகளில் அப்புரதத்தைச் செயற்கையாகக் குறைத்தபொழுது அவையும் மதுவை நாடின. மதுவுக்கு அடிமையாக இருந்து இறந்த மனிதர்களின் மூளைத் திசுவிலும் அதே குறைபாடு காணப்பட்டது.

டோபமைன் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கருதுவது பிழை என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. மேலும், எம்முடைய மூளை எவ்வகையது என்பதை முதற் கோப்பையை ஏந்தும் நாளில் எவரும் அறியார். உடன் குடித்த நண்பர் பலர் நலமாக இருப்பது நமக்குப் பாதுகாப்பாகாது.

எலியும் மனிதரும்

எலியின் செயலை அப்படியே மனிதருக்குப் பொருத்துதல் தகாது. எலிக்கு மானமில்லை, கடனில்லை, மகளின் திருமணக் கவலையில்லை. சட்டத்தையும் சமயத்தையும் அது அறியாது. எனினும் பழக்கத்திற்குரிய மூளைப்பகுதிகள் இரு உயிர்களிலும் ஒத்த அமைப்புடையவை. எனவே எலிகள் ஒன்றை நமக்கு உறுதியாகக் கற்பிக்கின்றன. விளைவைக் காட்டி எச்சரித்தல், விளைவை எண்ணிச் செயற்படும் நிலையிலேயே பெரிதும் பயன் தரும். குடி குடியைக் கெடுக்கும் என்னும் வாசகம் முன்னர் மதுப்புட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தது. புட்டியைத் தொடாதவர்க்கு அஃது எச்சரிக்கை. கட்டாயத்திற்கு ஆளானவர்க்கோ அது கசப்பு கலந்த மதுவைப் போன்றதே, படித்துக்கொண்டே குடிப்பார். திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவரும், கள்ளுண்டவனிடம் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது வீண் முயற்சி என்பதை உவமையால் விளக்கியுள்ளார். ஆய்வுக்கூடம் இன்று காட்டும் வேறுபாட்டை அவர் வாழ்வில் கண்டு உணர்ந்திருந்தார் போலும்.

அங்ஙனமாயின் அத்தகையோரைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956ஆம் ஆண்டிலேயே மதுவடிமையை நோய் என ஏற்றது. வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் என்னும் மருந்து 1994ஆம் ஆண்டில் அந்நாட்டில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், பாக்கின் எலிகளுக்கு நேர்ந்ததைப் போன்றே வலிப்பு வரலாம். அறிவு குழம்பி உயிருக்கும் இடர் நேரலாம். ஆகவே அத்தகையோரை அறையில் அடைத்துவைத்துக் குடியை மறக்கச் செய்வோம் என்று வீட்டார் முனைவது பேராபத்தாகும். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

மதுவை விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் குடும்பங்களில் இதற்கு மற்றொரு தடையும் உண்டு. நம் வீட்டில் இப்படி ஒருவரா என்னும் நாணத்தால் நோயை மறைத்துவைப்பது அது. விலக்கு என்பது முதற் கோப்பைக்கு முன் நிற்கும் உறுதியான அரண்; அதன் பெருமையை எலிகளின் ஆய்வும் மெய்ப்பிக்கிறது. அவ்வரணைக் கடந்து வீழ்ந்துவிட்ட ஒருவரை மறைத்துவைப்பதாலோ ஒதுக்கிவைப்பதாலோ அரணின் பெருமை காக்கப்படாது.

ஒதுக்கிவைத்தலைப் பற்றியும் எலிகள் ஒரு செய்தி கூறுகின்றன. 2018ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர், மெத்தாம்பெட்டமின் என்னும் கொடிய போதைப்பொருளுக்குப் பழகிய எலிகளுக்கு இரு நெம்புகோல்களை வைத்தனர். ஒன்றை அழுத்தினால் போதைப்பொருள். மற்றொன்றை அழுத்தினால் கதவு திறந்து மற்றோர் எலியின் தோழமை. எலிகள் ஏறக்குறைய எப்பொழுதும் தோழமையையே தேர்ந்தன. தோழமை காலந்தாழ்ந்து கிடைத்தபொழுதும், தண்டனையோடு சேர்ந்து கிடைத்தபொழுதும் அவை மீண்டும் போதையை நாடின. இது மதுவைப் பற்றிய ஆய்வன்று, ஆயினும் சிந்திக்கத்தக்கது.

முடிவுரை

விருப்பத்தில் தொடங்கும் செயல், பழக்கமாக இறுகி, கட்டாயமாக முடியலாம் என்பதனையும், அவ்வழியில் டோபமைனின் ஆட்சி மூளையின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு மாறுகிறது என்பதனையும் கண்டோம். குடிப்பழக்கம், குடிவெறி, குடிநோய் என்னும் சொற்களை இனி ஆளும்பொழுது இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வது நன்று.

மாணவர்களுக்கு யாம் கூற விரும்புவது இது. எச்சரிக்கைகள் உங்களுக்காகவே எழுதப்பட்டவை. பயனை எண்ணித் தேரும் உரிமை இன்று முழுமையாக உங்கள் கையில் உள்ளது. பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் யாம் வேண்டுவது மற்றொன்று. உறுதி மொழிந்தும் தவறியவரைப் பொய்யர் என்று முடிவு கட்டுமுன், உறுதி செய்தது மூளையின் ஒரு பகுதி, நடத்திச் சென்றது மற்றொரு பகுதி என்பதை எண்ணிப் பாருங்கள். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும்பொழுது வீட்டுக் கதவு தாமதமின்றித் திறக்கட்டும். வசைமொழி அதன் பின்னால் காத்திராதிருக்கட்டும்.